ஆறாம் ஃபீடர்

மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
நாற்பது வாட் பல்பு,
செத்துப்போன கம்ப்யூட்டரின் விசிறி,
நாரின் சந்தையில் பேரம் பேசி வாங்கிய தெர்மோஸ்டாட்.
மூடியில் ஒரு ஜன்னல்:
எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடி.
படம் இப்போது சுவரில் சும்மா நிற்கிறது,
தூசி நேராக எங்கள் முகத்தில் விழுகிறது.

முப்பது முட்டை.
ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம்,
பென்சிலால் உலார்பெக் போட்டது.
நாளைக்கு மூன்று முறை பெருக்கல் வட்டமாகும்,
வட்டம் பெருக்கலாகும்.

உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்.
ஒன்று முப்பத்தேழரை என்றது,
மற்றது முப்பத்தொன்பது என்று சாதித்தது.
காய்ச்சல் பார்க்கும் குழாயை எடுத்து
முதலில் என் அக்குளில் வைத்தேன்: முப்பத்தாறு புள்ளி ஆறு.
உதறிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்: முப்பத்தேழு புள்ளி ஏழு.
சாதித்தது பொய் சொல்லியிருக்கிறது.
அப்படியென்றால்
நல்ல உடம்பைவிட ஒரு டிகிரி
கூடக் கேட்கிறது முட்டை.
லேசாக ஜுரம் கண்டவள்தான் அடைகாக்க முடியும் போல.

டிசம்பர். வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
எனக்குத் துணைமின் நிலையத்தில் இரவு வேலை.
அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால்
தலைமை அறையிலிருந்து ஃபோன் வரும்.
ஒரு எண் சொல்வார்கள்.
அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்,
பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும்.
விதி அது. தப்பாகக் கேட்ட ஒரு எண்
கம்பத்தில் இருப்பவனைக் கொன்றுவிடும்.

பதின்மூன்றாம் நாள், இரவு இரண்டு பத்து.
"ஆறு," என்றது குரல்.
ஆறு எங்கள் தெரு.
ஏழில் துர்துபெக்கின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது,
ஐந்தில் ரொட்டி அடுப்பு.
ஒரு மூச்சு நேரம் நினைத்தேன், மறைக்கவில்லை.
"ஆறு," என்றேன்.
ஆறத் தொடங்கியது பெட்டி.

வீட்டுக்கு அடித்தேன். பதினோராவது மணிக்கு எடுத்தார்.
"பாட்டில்," என்றேன்.
"ம்," என்றார். வைத்துவிட்டேன்,
அடுத்த ஃபோன் காத்திருந்தது.

ஐந்து நாற்பதுக்கு ஆறைத் திரும்பக் கொடுத்தேன்.
எட்டு மணிக்குப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.
பெட்டியின் மேல் ஷிர்தாக் கம்பளம், இரண்டு மடிப்பு,
பனியில் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி.
பக்கத்தில் அவர், கண் சிவந்து, கரி படிந்த கையோடு.
"ஒரு நிமிஷம்கூட ஆற விடவில்லை, சைகால்."

உள்ளே ஆறு பாட்டில்.
நாற்பது புள்ளி நான்கு.

நான் எதுவும் சொல்லவில்லை.
மூடியைத் திறந்தேன். பாட்டில்களை ஒவ்வொன்றாக
வெளியே வைத்தேன்.
வைத்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

குளிர்ந்தால் முட்டை பொறுக்கும்.
உள்ளிருக்கும் துடிப்பு மெதுவாகும், நாள் ஒன்று தள்ளிப்போகும்,
அவ்வளவுதான்.
சூட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.
ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லிச் செய்கிறவள்
வீட்டில் ஒரு சொல்லை எறிந்துவிட்டு
ஃபோனை வைத்திருக்கிறேன்.

பதினெட்டில் உருட்டுவதை நிறுத்தினோம்.
தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கினோம்.
கல்யாணக் கண்ணாடி வேர்த்தது.
இருபத்தொன்றில் முதல் ஓடு விரிந்தது, இருபத்திரண்டில் முடிந்தது.
பதினொன்று.
மீதிப் பத்தொன்பதை அவர் சாம்பல் வாளியில் கொண்டுபோனார்,
எனக்குக் காட்டாமல்.
எது என் கைப்பிடியால், எது அவர் கெட்டிலால் என்று
இருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.
முதலிலேயே கருவில்லாதவையும் இருந்திருக்கும்.

பிப்ரவரி. மறுபடி முப்பது முட்டை.
"ஆறு," என்றது குரல்.
"ஆறு," என்றேன்.
வீட்டில் முதல் மணியிலேயே எடுத்தார்.
"இரண்டு பாட்டில்."
"இரண்டு பாட்டில்."
"முப்பத்தெட்டைத் தாண்டினால் மூடியைத் திற."
"முப்பத்தெட்டைத் தாண்டினால் திற," என்று
தூக்கக் குரலில் திருப்பிச் சொல்லிவிட்டு,
"நீ சாப்பிட்டாயா?" என்றார்.
அதை நான் திருப்பிச் சொல்லவில்லை.